தூசியும் பேசும்

ஒருவரை இழித்துச் சொல்ல வேண்டுமானால் ‘அவன் என் கால் தூசு பெறமாட்டான்’ என்கிறோம். கிடப்பில் போட்ட கோப்பை மறுபடி கையில் எடுத்தால் ‘தூசு தட்டினார்கள்’ என்கிறோம். தூசி என்றால் ஊதித் தள்ளவும் துடைத்து எறியவும் ஆனது என்பதே நம் எல்லோருடைய எண்ணமும். அப்படிப்பட்ட தூசியில் ஒரே ஒரு துகளைப் பிடித்து, ஒரு தட்டின்மேல் அமர்த்தி, ‘நீ யார்?’ என்று கேட்பதற்காக முதுநிலை இயற்பியல் இறுதியாண்டில் ஏறக்குறைய ஆறு மாதங்களைச் செலவிட்டேன். அந்த அனுபவத்தை நம் ஆண்டுமலர் வழியே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கேள்வி கேட்பது லேசர் ஒளி. பதிலைப் படிப்பது ராமன் நுண்ணோக்கி. இக்கருவியின் கதையே தூசியோடு தொடங்குகிறது என்பது வியப்பான செய்தி.

திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. ராமன், நம் கல்லூரியைப் போலவே அரசுக் கலைக்கல்லூரியான சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். கல்கத்தாவில் அவரும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து, திரவங்களின் ஊடே சூரிய ஒளியைச் செலுத்திச் சிதறும் ஒளியை ஆராய்ந்தார்கள். திரவத்தில் ஒரு சிறு தூசி மிதந்தாலும் போதும். அது சிதறடிக்கும் ஒளியில், மூலக்கூறுகள் தரும் மெல்லிய ஒளி மூழ்கிப் போகும். எனவே திரவங்களை வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத் தூசியே இல்லாதபடி செய்துகொண்டார்கள். அப்படி ஏறக்குறைய 60 திரவங்களை ஆராய்ந்ததாக 1928 மார்ச் 31-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பிப்ரவரி 28-ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும்போது ஒளியைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஒளியைக் காண வழிவிட்ட பொறுமையான காய்ச்சி வடிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவர்கள் கண்டது இதுதான். ஒரு பொருளின்மேல் ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால் சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்பும். கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் மட்டும் நிறம் சற்று மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அப்பொருளின் அணுக்கள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. ஆகவே அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும், கைரேகை போன்றது. ‘குவார்ட்ஸ்’ என்னும் படிகச் சிலிக்காவுக்கு, அதாவது சாதாரண வெண்மணலுக்கு, இந்த ரேகை 464 என்னும் அலை எண்ணில் கூர்மையாக எழும்.

1960-இல் லேசர் பிறந்தது. ராமன் 1970-இல் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் 1975-இல், பிரான்சு நாட்டின் லீல் நகரைச் சேர்ந்த தெலாய், தாமெலன்கூர் என்னும் இருவர் லேசரையும் நுண்ணோக்கியையும் ராமன் நிறமாலைமானியையும் இணைத்த கருவியைப் பற்றி எழுதினார்கள். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளையும் தனியே விசாரிக்கலாம் என்றாயிற்று. தூசியை விலக்கிக் கண்டுபிடித்த ஒளி, தூசியையே ஆராயும் விளக்காக மாறியது!

இனி என் திட்டக் கட்டுரைக்கு வருகிறேன். என் தாய்மாமா ஆவடியிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலேறிப் பட்டரைவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். வார்ப்படங்கள் அச்சிலிருந்து வெளிவந்ததும் அவற்றின் பிசிறுகளைக் கிரைண்டரில் தேய்த்துச் சுத்தம் செய்வது அவர் வேலை. ‘ஃபெட்லிங்’ என்பார்கள். மாலையில் அவர் சட்டையை உதறினால் கறுப்பாகப் பொடி கொட்டும். இரண்டாண்டுகளாக விடியற்காலையில் வறட்டு இருமலும் இருந்தது. “அது வெறும் இரும்புத் தூள், ஒண்ணும் பண்ணாது” என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். மாமாவும் அதை நம்பினார்.

அந்தத் தூளில் இரும்பு மட்டும்தானா என்பதே என் கேள்வி. அச்சு, மணலால் ஆனது. உருகிய இரும்பு அதில் பாயும்போது மணல் பொருக்காக வார்ப்படத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. கிரைண்டர் இரும்பைத் தேய்க்கும்போது அந்தப் பொருக்கையும் சேர்த்தே பொடியாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் மணற்பருக்கை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். நாலைந்து மைக்ரானுக்கும் சிறிய துகளோ நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகள் வரை சென்று தங்கும். அதனால் வருவதுதான் ‘சிலிகோசிஸ்’ நோய். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல், வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. சிலிகோசிஸ் வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும்.

நம் துறையில் ராமன் நுண்ணோக்கி கிடையாது. நகரிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியர் கேட்டுப் பெற்றுத் தந்தது இரண்டே மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடுதான் ஆறு மாதமும்.

முதல் வேலை தூசியைச் சேகரிப்பது. பாலிதீன் உறையில் அள்ளினால், உறையின் சொந்தத் துணுக்குகளும் கலந்துவிடும். நிலைமின்னூட்டத்தால் நுண்துகள்கள் உறையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூடியுள்ள கண்ணாடித் தட்டு ஒன்றைக் கழுவி உலர்த்தி மாமாவிடம் கொடுத்தேன். பட்டறை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, வேலை தொடங்கும்போது மேசைக்கு மேலுள்ள பலகையில் வைத்துத் திறக்க வேண்டும். முடியும்போது மூட வேண்டும். “இன்னா பாப்பா, தூசியப் போயி யாராச்சும் படிப்பாங்களா?” என்று மாமா சிரித்தார். ஆனாலும் ஒரு நாளும் தவறாமல் செய்தார்.

அடுத்தது, நுண்துகளைப் பெருந்துகளிலிருந்து பிரிப்பது. இதற்கு இளநிலை முதலாண்டில் நாம் படித்த ஸ்டோக்ஸ் விதியே துணை. நீரில் கலந்தால் இரும்பு துருப்பிடித்துத் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்து குலுக்கினேன். 50 மைக்ரான் மணற்பருக்கை அதில் 5 செ.மீ. இறங்க ஏறக்குறைய 40 வினாடி போதும். 10 மைக்ரான் துகளோ வினாடிக்கு 0.05 மி.மீ. என்று ஆடி அசைந்து, அதே தொலைவுக்குக் கால்மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். எனவே 17 நிமிடம் காத்திருந்து மேற்பகுதித் திரவத்தை மட்டும் எடுத்தால், நுரையீரலுக்குள் செல்லத்தக்க சிறு துகள்கள் கிடைக்கும். ஆல்கஹாலில் இருமுறை அலசியதால் எண்ணெய்ப் பிசுக்கும் குறைந்தது. எண்ணெய் ஒட்டிய துகள் லேசர் பட்டதும் தானே ஒளிரத் தொடங்கும். அந்த ஒளிர்வில் ராமன் ஒளி மறைந்துபோகும்.

மூன்றாவது, எதன்மேல் அமர்த்துவது? நுண்ணோக்கி என்றதும் கண்ணாடிச் சில்லுதான் நினைவுக்கு வரும். ஆனால் கண்ணாடியே மணலை உருக்கிச் செய்ததல்லவா? அது சிலிக்காவுக்குரிய பகுதியில் தானும் ஓர் அகன்ற மேட்டை எழுப்பும். மணலைத் தேடுகிறவர் மணலின் மேலேயே தேடுவதாகிவிடும். சிலிக்கன் தட்டு நல்லது. அதன் ரேகை 520.5-இல் தனியே நிற்கும். அளவுகோலைச் சரிபார்க்கவும் அதுவே உதவும். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் அதை வாங்க நம்மால் முடியாது. உலோகங்களுக்கு ராமன் ரேகை கிட்டத்தட்டக் கிடையாது என்பதால், சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கண்ணாடிச் சில்லின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றி, ஆல்கஹாலால் துடைத்துக்கொண்டேன். செலவு சில ரூபாய்களே.

நான்காவது, துகளை நிலைநிறுத்துவது. ஒட்டு நாடாவோ நகப்பூச்சோ கூடாது. பசை தன் ரேகைகளைத் துகளின் ரேகையோடு கலந்துவிடும். சிறு துகள் பசையில் புதைந்தும் போகும். கறுப்புக் கார்பன் நாடாவும் ஆகாது. அது லேசரின் வெப்பத்தை உறிஞ்சும். புகைக்கரியின் ரேகைகள் எழும் 1350, 1580 ஆகிய இடங்களிலேயே தானும் ரேகை காட்டும். சில மைக்ரான் துகளுக்குப் பசையே தேவையில்லை. பரப்புகளுக்கிடையேயுள்ள ஈர்ப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் துளியை அலுமினியத்தின்மேல் இட்டு உலர விடுவதே போதும். ஆனால் பெரிய துளியாக விட்டால், சிந்திய காப்பி காய்ந்ததும் விளிம்பில் வளையம் தெரிவதுபோல், துகள்களெல்லாம் ஓரத்தில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். ஆகவே தட்டை இளஞ்சூடாக வைத்துக்கொண்டு மிகச் சிறிய துளிகளாக இட்டேன்.

சற்றே பெரிய துகளைத் தனியாக எடுக்க ஒரு கைப்பழக்கம் உண்டு. தீக்குச்சியின் முனையில் ஒரே ஒரு கண்ணிமை மயிரை ஒட்டி, அதன் நுனியால் துகளைத் தொட்டுத் தூக்குவது. குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் துகள் மின்னூட்டம் பெற்று வெட்டுக்கிளிபோல் துள்ளி ஓடும். நுனியை ஆல்கஹாலில் இலேசாக நனைத்தால் அடங்கும். நம் வகுப்பறையின் புழுக்கத்தை நாம் குறை கூறுகிறோம். இந்த வேலைக்கு மட்டும் சென்னையின் ஈரக்காற்று பெரிய துணை!

எந்தத் துகளைப் பார்த்தோம் என்று மறுபடி கண்டுபிடிக்க அடையாளம் வேண்டும். பேனா மை ஒளிரும் என்பதால், ஊசியால் அலுமினியத்தில் சிலுவைக் கோடுகள் கீறி, நம் துறையின் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு துகளின் இடத்தையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சியிருந்த எதிரி நானே. கையுறையின் உட்பூச்சுப் பொடி மாவுச்சத்தாக இருக்கக்கூடும். மாவுச்சத்தின் முக்கிய ரேகை 478-இல் எழும். குவார்ட்சின் 464-க்கு அடுத்த வீடு என்றே சொல்லலாம். முகப்பவுடரில் டால்க் கல் இருக்கிறது. மேலாடையிலிருந்து பாலியஸ்டர் இழை உதிரும். வாசலில் போடும் கோலமாவு அரிசி மாவானால் மாவுச்சத்து. வெள்ளைக் கல்லைப் பொடித்த மாவானால் அதில் குவார்ட்சே இருக்கக்கூடும். பட்டறைத் தூசியென்று எண்ணி எங்கள் வீட்டுக் கோலத்தை அளந்துவிட்டால் யாருக்கு என்ன பயன்? எனவே பொடியில்லாக் கையுறை, பருத்தி மேலங்கி, பவுடர் பூசாத முகம் என்று நியமம் வகுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக ‘வெறும் தட்டு’ ஒன்றைத் தயாரித்தேன். தூசி சேர்க்காத அதே ஆல்கஹால், அதே அலுமினியம், அதே 17 நிமிடம், அதே துளிகள். இன்னொரு கண்ணாடித் தட்டை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் திறந்துவைத்து அதையும் ஒரு மாதிரியாக்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் கருவியை இயக்கிய ஆராய்ச்சி மாணவி அக்கா, என் தட்டுகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “வெறும் தட்டு கொண்டு வந்திருக்கியாம்மா?” என்பதே. முதலில் அதைத்தான் பார்த்தோம். இரண்டொரு நூலிழைகள் தவிர எதுவும் இல்லை. 464-இல் ஒன்றும் எழவில்லை. வீட்டுத் தட்டில் மாவுச்சத்து, பருத்தி, சில கல்துகள்கள் இருந்தன. எங்கள் வாசலில் இடுவது அரிசி மாவு.

பிறகு பட்டறைத் தட்டு. பயன்படுத்தியது 532 நானோமீட்டர் பச்சை லேசர். 10 மில்லிவாட் என்பது கேட்கச் சிறிதுதான். ஆனால் அதை ஒரு மைக்ரான் அகலப் புள்ளியில் குவித்தால், அங்கே விழும் ஒளி உச்சி வெயிலைப்போல் ஒரு கோடி மடங்கு செறிவுள்ளது. கரிய இரும்பு ஆக்சைடான மாக்னடைட் அந்தச் சூட்டில் செந்நிற ஹெமடைட்டாக மாறிவிடும். நாமே உண்டாக்கிய துருவைப் பட்டறையின் துரு என்று எழுதிவிடக்கூடும். அதனால் ஒளியை நூறில் ஒரு பங்காகக் குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு துகளையும் இருமுறை அளந்து, ரேகை மாறாமலிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

பெரும்பாலானவை இரும்பு ஆக்சைடுகளே. மாமாவிடம் சொல்லப்பட்டதில் அந்த அளவு உண்மையிருந்தது. தேய்ப்புக் கல்லிலிருந்து உதிர்ந்த அலுமினா இருந்தது; கரியும் இருந்தது. அவற்றுக்கிடையே நிறமற்ற, கூரிய முனைகளுள்ள ஒரு சிறு துகள். அளவு 3 மைக்ரான். திரையில் கோடு மெல்ல எழுந்தது. 464. உடன் 206-இலும் 128-இலும் துணை ரேகைகள். மாவுச்சத்தானால் 2900-ஐ ஒட்டி ஓர் எழுச்சி இருக்க வேண்டும், அங்கே ஒன்றுமில்லை. குவார்ட்ஸ்தான். இன்னொன்று, பிறகு இன்னொன்று. நேரம் முடியும்வரை வரைபடத்திலிருந்த துகள்களை வரிசையாகப் பார்த்தோம். ஐயத்துக்கு இடமின்றி, ஒன்றுக்கு மேற்பட்ட துகள்கள் அதே ரேகையைக் காட்டின.

அன்றிரவு வரைபடத்தை மாமாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இது மணலுன்னு சொல்றது மெஷினா, நீயா?”

ஆய்வேட்டை மதிப்பிட வந்தவர்கள்கூட இத்தனை கூர்மையாகக் கேட்கவில்லை. கருவிக்குத் தட்டின்மேல் இருப்பது மட்டுமே தெரியும். அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பட்டறையிலிருந்து வந்ததா, வாசற்கோலத்திலிருந்து வந்ததா என்பதற்குப் பொறுப்பு நான்தான். வெறும் தட்டின் வரைபடத்தையும் வீட்டுத் தட்டின் வரைபடத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்தேன் என்று சொன்னேன். சொல்லக் கூடாததையும் சொன்னேன்: காற்றில் எவ்வளவு சிலிக்கா இருக்கிறது என்பதை இந்த அளவீடு காட்டாது. அதற்குக் காற்றை உறிஞ்சி, வடிதாளில் பிடித்து, எடைபோட்டுச் செய்யும் வேறு சோதனை வேண்டும். இருமலின் காரணத்தையும் இது சொல்லாது. அது மருத்துவர் வேலை. ‘இரும்பு மட்டும்தான்’ என்பது சரியல்ல என்பது ஒன்றே இதிலிருந்து உறுதி.

மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் உடன் வேலை செய்யும் இருவரோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். மாமாவின் படத்தில் இப்போதைக்குக் கவலைப்படும்படி எதுவுமில்லை, ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும், தூசியைத் தவிர்க்க வேண்டும் என்றார் மருத்துவர். உடன் சென்ற ஒருவரை மேற்பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டறையில் கைக்குட்டை கட்டும் வழக்கம் போய், துகளை வடிகட்டும் முகக்கவசம் வந்திருக்கிறது. தூசியை எழும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழாய் இன்னும் பேச்சளவில் நிற்கிறது. அதற்காகத் தொழிலாளர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள்.

இளைய மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். ‘நம் கல்லூரியில் கருவியில்லை, நம்மால் என்ன ஆராய முடியும்?’ என்று நாம் அடிக்கடி சலித்துக்கொள்கிறோம். நான் மேலே சொன்னவற்றில் கடைசி இரண்டு மணி நேரம் தவிர மற்ற அனைத்தும் நம் துறை ஆய்வகத்தில், ஓர் அலுமினியத் தாள், ஒரு குப்பி ஆல்கஹால், ஒரு பழைய நுண்ணோக்கி, ஒரு கண்ணிமை மயிர் ஆகியவற்றைக் கொண்டே நடந்தன. வேண்டியது பொறுமையும், தன் கையையே ஐயுறும் துணிவும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோரத் தூசி இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் வண்டல் இருக்கிறது. நம் ஊர்களின் கல் அறுக்கும் பட்டறைகளில் நாள் முழுதும் வெண்புகைபோல் எழும் பொடி இருக்கிறது. அவற்றைச் சுவாசிக்கிறவர்கள் நம் வீட்டு மனிதர்கள். அது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல நம்மால் முடியும். வரும் ஆண்டில் யாரேனும் எடுத்துச் செய்ய விரும்பினால், என் குறிப்பேட்டைத் துறையிலேயே விட்டுச் செல்கிறேன். அதன் முதல் பக்கத்தில் இருப்பது வெறும் தட்டின் வரைபடம். அங்கிருந்தே தொடங்குங்கள்.